டயட் சார்ட் வாங்கப் போகாதீர்கள்: ஊட்டச்சத்து ஆலோசனைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் எல்லையில் நிற்குது, ஒரு டயட்டீஷியனைப் பாருங்க" என்று சொல்லி அனுப்புகிறார். உடனே நம் மனதில் வருவது ஒரு தாள். காலைக்கு இது, மதியத்துக்கு அது, இரவுக்கு இவ்வளவு என்று அச்சடித்த தாள். அதை வாங்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தாள் ஒட்டிய இடத்திலேயே இருக்கும். சாப்பாடு பழையபடியே நடக்கும்.

தாளில் எழுதியிருப்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். காய்கறி நிறைய, இனிப்பு குறைவு, எண்ணெய் அளவாக. இதில் நமக்குத் தெரியாதது என்ன? தெரிந்தும் செய்ய முடியாமல் போவதுதான் சிக்கல். ஊட்டச்சத்து ஆலோசனை கை வைப்பது அந்த இடத்தில். உங்கள் வேலை நேரம், தூக்கம், எந்த வேளையில் பசி தாங்க முடியாமல் வருகிறது, வீட்டில் சமைப்பது யார், என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று எல்லாவற்றையும் விசாரித்து, உங்களால் செய்யக்கூடியது எது என்று உங்களோடு சேர்ந்து தேடி, அது நடக்கிறதா என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்ப்பார்கள். ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை என்று தெரிந்துகொண்டு போனால், செலவழிக்கிற பணத்துக்கும் நேரத்துக்கும் பலன் கிடைக்கும்.

பேசுவதால் மட்டும் உடம்பு மாறுமா என்று சந்தேகம் வருவது இயல்பு. அமெரிக்காவில் டயபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. ரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடுதலாகவும், ஆனால் நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு வராமலும் இருந்த 3,234 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி நேருக்கு நேர் ஆலோசனை. ஒரு பிரிவுக்கு, நீரிழிவுக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாக 2.8 ஆண்டுகள் கவனித்ததில், வெற்று மாத்திரைப் பிரிவோடு ஒப்பிட்டால் ஆலோசனைப் பிரிவில் நீரிழிவு வருவது 58 சதவீதமும், மெட்ஃபார்மின் பிரிவில் 31 சதவீதமும் குறைந்திருந்தது. பின்லாந்தில் 522 பேரை வைத்து நடந்து 2001-ல் வெளியான இன்னொரு ஆய்விலும் அதே 58 சதவீதம்தான் வந்தது.

இந்த 58-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 16 என்ற எண். அமெரிக்க ஆய்வில் முதல் 24 வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் 16 பாடங்கள், அதற்கப்புறமும் மாதம் ஒருமுறை அளவில் சந்திப்பு. கேட்ட இலக்கும் பெரிதில்லை: உடல் எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் நடை போல மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஒரே ஒரு தடவை போய்விட்டு "நானும் டயட்டீஷியனைப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை" என்கிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

யாரிடம் போவது

நீரிழிவு, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, சிறுநீரக நோய், குடல் தொல்லை, உடல் எடை ஆகியவற்றுக்காகப் போகிறவர்கள்தான் அதிகம். நோய் இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. எப்போதும் களைப்பு, நேரங்கெட்ட சாப்பாடு, ராத்திரி ஷிஃப்ட், கர்ப்பத்துக்கு முந்தைய தயாரிப்பு, வயதான காலத்தில் தசை கரைவது என்று எதற்கும் போகலாம்.

ஆனால் யாரிடம் என்பதில் கவனம் வேண்டும். எத்தனையோ நாடுகளில் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். டயட்டீஷியன் அப்படியில்லை. பிரிட்டனில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பட்டம். அரசு அங்கீகரித்த பதிவேட்டில் பெயர் இல்லாமல் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவிலும் 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்' ஆவதற்குப் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் பதிவு முறை இருந்தால், பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முறையாகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

நேரம் குறிக்கும் முன்பே போனில் மூன்று விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள். என் பிரச்சினை உள்ளவர்களை அடிக்கடி பார்க்கிறீர்களா? முதல் சந்திப்பு எவ்வளவு நேரம்? அடுத்தடுத்த சந்திப்பு எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? முதல் சந்திப்பே பத்து நிமிடம் என்றால் கிடைக்கப் போவது தாள்தான். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்றால் பேச வாய்ப்பிருக்கிறது.

விலகி ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. "பத்து நாளில் பத்துக் கிலோ" என்று உத்தரவாதம் கொடுப்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், ஒரு உணவு வகையையே விஷம் என்று பேசுபவர். இவர்களை எல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது, ஆலோசனை முடிந்ததும் தன் மேஜை இழுப்பறையிலிருந்தே பவுடர் டப்பாவை எடுத்து விற்பவரைப் பார்த்துத்தான். சப்ளிமெண்ட் சில பேருக்கு நிஜமாகவே தேவைப்படும். அந்தத் தேவையை முடிவு செய்கிறவரும் விற்று லாபம் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

நேரில் போக முடியாவிட்டால் வீடியோவில் பேசலாம். சமையலறை அலமாரியை கேமராவில் காட்ட முடிவது அதில் ஒரு வசதி.

போவதற்கு முன் செய்ய வேண்டியது

கையில் எடுத்துப் போக வேண்டியவை: சமீபத்திய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பட்டியல், மூன்று நாள் உணவு டைரி.

மாத்திரைப் பட்டியல் சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் திடீரென்று தினமும் கீரையாகச் சாப்பிட ஆரம்பித்தால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவர் கீரையை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை, அளவு வாரத்துக்கு வாரம் தாறுமாறாக மாறக் கூடாது. தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் போடுகிறவர் அதை வெறும் வயிற்றில் போட வேண்டும். காபியோடோ, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையோடோ சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். இன்சுலின் போடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழே இறங்கிவிடும். "சோடியம் குறைந்தது" என்று விற்கிற மாற்று உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. ஆகவே கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் வைட்டமின், மூலிகைப் பொடி உட்பட எதையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

இப்போது டைரி. இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என்று மூன்று நாள் போதும். விடுமுறை நாளைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், பலருக்கு அன்றைக்குச் சாப்பாடு முற்றிலும் வேறு மாதிரி இருப்பதுதான். ஒவ்வொரு முறை வாயில் எது போனாலும் நேரம், என்ன, எவ்வளவு, எங்கே உட்கார்ந்து, பசி எந்த அளவில் இருந்தது என்று எழுதுங்கள். பசிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டால் போதும். தராசு வேண்டாம். வீட்டு ஸ்பூன், கப், கிண்ணம் இவற்றையே அளவாக வைத்துக்கொண்டு, அந்தக் கிண்ணத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் தட்டைப் போட்டோ எடுத்து வைத்தாலும் சரி. ஆனால் சாப்பிடுவதற்கு முன்பும் பின்பும் எடுங்கள், மீதம் வைத்தது தெரியட்டும்.

டைரியில் விட்டுப் போகிறவை எப்போதும் ஒரே மாதிரியானவை. சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைத் தள்ள மனமில்லாமல் சாப்பிட்டது, அலுவலகத்தில் யாரோ நீட்டிய இனிப்பு, குடித்ததெல்லாம். தாளிக்கவும் வதக்கவும் ஊற்றிய எண்ணெய் யார் கணக்கிலும் வராது. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி.

இது மறைக்கிற புத்தியால் வருவதில்லை. 1992-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், என்ன செய்தும் எடை குறையவில்லை என்று வந்தவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கையும் அவர்கள் உண்மையில் சாப்பிட்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுதியது, சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. பொய் சொல்ல வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை அவர்கள். ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது. எழுதுகிற மூன்று நாளும் "நல்ல பிள்ளை" மாதிரி சாப்பிடுவது இன்னொரு வழக்கம். அப்படிச் செய்தால் உங்களுக்கான ஆலோசனை, இல்லாத ஒருவருக்கான ஆலோசனையாகிவிடும்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எடுப்பார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ என்ற எண்ணைச் சொல்வார்கள். 18.5-லிருந்து 24.9 வரை இயல்பு என்பது பொதுவான அளவு; ஆசிய வம்சத்தினருக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. இந்த எண்ணில் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவும் தேவைப்படுகிறது. இதைப் பெரிதாக நினைத்து மனம் நோக வேண்டாம், இது தொடக்கப் புள்ளி மட்டும்.

நேரம் அதிகம் போவது பேச்சில். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது எல்லா இடத்திலும் உண்டு. அது பெரும்பாலும் இப்படிப் போகும்:

"காலையில் என்ன சாப்பிட்டீங்க?"

"காலையில் ஒண்ணும் சாப்பிடறதில்லை மேடம்."

"எழுந்ததும் ஏதாவது குடிச்சீங்களா?"

"டீ மட்டும்."

"டீயோட?"

"ரெண்டு பிஸ்கட். அது என்ன சாப்பாடா?"

"சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டுதான்."

"அந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"மூணு... ஆபீஸ்ல மீட்டிங் இருந்தா நாலு."

நாலு டீக்கு எட்டு ஸ்பூன். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று வைத்தால் 32 கிராம் சர்க்கரை, டீயில் மட்டும். பழத்திலும் பாலிலும் இயற்கையாக இருப்பதைச் சேர்க்காமல், நாம் போட்டுக்கொள்ளும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் இருப்பது எல்லாம் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், முடிந்தால் 25 கிராம். "ஒண்ணும் சாப்பிடறதில்லை" என்று தொடங்கியவர், பிஸ்கட்டைக் கணக்கில் எடுக்காமலேயே இரண்டாவது கோட்டைத் தாண்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஆலோசகரின் முகத்தைப் பாருங்கள். கண்டிப்பாகத் தலையாட்டி, "இப்படிச் சாப்பிட்டா எப்படி?" என்று திட்டினால், அடுத்த முறை நீங்கள் டீ எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சொல்வீர்கள். நல்லவர் திட்ட மாட்டார், "இந்த நாலு டீயில் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது, சும்மா குடிக்கிறது எது?" என்று கேட்பார். பிடித்ததைத் தொடாமல், சும்மா குடிக்கிறதில் வேலையை ஆரம்பிப்பார்.

இரும்புச் சத்து குறைவு என்று வந்தவரிடம் இதே டீக்கு வேறு கதை. சாப்பாட்டோடு குடிக்கிற டீயும் காபியும் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கீரை, பருப்பு இவற்றோடு எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளதைச் சேர்த்தால் கூடுதலாகச் சேரும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது அவருக்கு முதல் மாற்றமாக இருக்கலாம். ஒருவருக்குக் கொடுத்த ஆலோசனையை அப்படியே இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

இலக்கு வைப்பது

முதல் சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது உங்கள் கையில் ஒன்று அல்லது இரண்டு மாற்றம் இருந்தால் போதும். ஏழெட்டு இருந்தால் அதிகம்.

"இனிப்பைக் குறைக்கணும்", "ஆரோக்கியமாகச் சாப்பிடணும்" என்பவை ஆசைகள். இலக்கு என்றால் எப்போது, எங்கே, என்ன என்று இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். "இந்தச் சூழ்நிலை வந்தால் நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், பொதுவாக உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். "மீட்டிங்கில் டீ வந்தால், நான் தண்ணீர் எடுத்துக்கொள்வேன்." "இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தால், முதலில் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் காய்கறியும் சாப்பிட்டுவிட்டுத்தான் மற்றது." இப்படி எழுதிப் பாருங்கள். உங்கள் ஊகத்துக்கு இடமில்லாத வாக்கியமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும்: "இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை 10-க்கு எவ்வளவு?" நீங்கள் 6 என்கிறீர்கள். சாதாரணமாக யாரும் "ஏன் 10 இல்லை?" என்றுதான் கேட்பார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர், "ஏன் 3 இல்லை?" என்று கேட்பார். கேள்வி விசித்திரமாக இருக்கும். ஆனால் அதற்குப் பதில் சொல்லும்போது, உங்களால் முடியும் என்பதற்கான காரணங்களை உங்கள் வாயாலேயே சொல்ல ஆரம்பிப்பீர்கள். இந்தப் பேச்சு முறை மதுப்பழக்கச் சிகிச்சையிலிருந்து வந்தது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார், பிற்பாடு ஸ்டீஃபன் ரோல்னிக் என்ற இன்னொரு உளவியலாளரும் அவரும் சேர்ந்து வளர்த்தார்கள். அடுத்தவர் வற்புறுத்தினால் நாம் மறுப்பதற்குக் காரணம் தேடுவோம். நாமே சொன்னதை அவ்வளவு சுலபமாக மறுக்க மாட்டோம்.

எண் 7-க்குக் கீழே என்றால் இலக்கைச் சின்னதாக்கச் சொல்லிக் கேளுங்கள். தினமும் என்பது வாரத்தில் மூன்று நாளாகட்டும். இதில் கௌரவம் பார்க்கத் தேவையில்லை.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை பரவிக் கிடந்தது. நடுத்தர எண் 66. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே மூன்று வாரத்தில் படியவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

வீட்டையும் கையோடு மாற்றுங்கள்

மன உறுதியை மட்டும் நம்புவது சரிவராது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். முடிவு 2019-ல் வெளியானது. இரண்டு உணவையும் சாப்பிட்டவர்கள் அதே ஆட்கள்தான், அவர்களுடைய மன உறுதி இரண்டு வாரத்தில் ஏறி இறங்கிவிடவில்லை.

ஆகவே சந்திப்பு முடிந்து வந்த அன்றே செய்யக்கூடிய வேலை, எது கண்ணில் படுகிறது என்பதை மாற்றுவது. கழுவி நறுக்கிய பழமும் காயும் ஃபிரிட்ஜின் முன் தட்டில். நொறுக்குத் தீனி மேல் அலமாரியில், உள்ளே தெரியாத டப்பாவில். பெரிய பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாமல் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பாக்கெட்டை மூடி வைப்பது.

சமைப்பவர் வேறொருவர் என்றால் இரண்டாவது சந்திப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். எண்ணெய், உப்பு, சர்க்கரை மூன்றும் அவர் கையில்தான் இருக்கின்றன. உங்களுக்கென்று தனிச் சமையல் என்ற ஏற்பாடு ரொம்ப நாள் ஓடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையலில் கொஞ்சம் மாற்றம் என்றால் ஓடும்.

கடையில் லேபிள் பார்க்க ஆலோசகரிடமே ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கிற இரண்டு பாக்கெட்டை எடுத்துப் போய். பொருட்களின் பட்டியல் பெரும்பாலும் எடை வரிசையில் இருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை வந்தால் அது இனிப்புப் பண்டம், முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருந்தாலும். 'ஒரு பரிமாறலுக்கு' என்று போட்டிருக்கும் அளவு நீங்கள் சாப்பிடுகிற அளவா என்று பாருங்கள். உப்புக்குப் பதில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்கினால் உப்பு; 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது. இந்த இரண்டு எண் ஞாபகம் இருந்தால் போதும், மற்றதை லேபிளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்த சந்திப்புகள்

முதலில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது வழக்கம். பலர் நின்றுவிடுவது இரண்டாவது சந்திப்புக்கு முன்னால். காரணம் எப்போதும் ஒன்றுதான்: "சொன்னதைச் செய்யலை, எந்த முகத்தோட போறது?" செய்யாதபோதுதான் போக வேண்டும். எது தடுத்தது என்பதுதான் அன்றைய பேச்சே. விருந்தா, சண்டையா, தூக்கமில்லாத வாரமா, இலக்கே பொருந்தாததா என்று பார்த்து மாற்றி அமைப்பார்கள்.

தினமும் எடை பார்த்து மனம் உடையாதீர்கள். உப்பு, தண்ணீர், மலச்சிக்கல், மாதவிடாய் எல்லாம் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிக் குறைக்கும். எடை குறைய வேண்டியவருக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பில் முன்னேற்றம் தெரிய ஆரம்பிக்கும். 90 கிலோ உள்ளவருக்கு நாலரைக் கிலோதான் அந்த 5 சதவீதம். கல்யாணத்துக்கு முன்பு இருந்த எடையைத் துரத்த வேண்டியதில்லை.

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், அதனால் மூன்று மாதம் ஆவதற்குள் அதை மறுபடி எடுப்பதில் அர்த்தமில்லை. ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே ஒரே நேரத்தில், ஒரே கையில் பார்த்து எழுதி வாருங்கள். எண்ணில் வராதவையும் உண்டு: மாலை நாலு மணிக்கு வரும் சோர்வு, வயிறு உப்புவது, தூக்கம், படி ஏறும்போது மூச்சு. இவற்றையும் டைரியில் ஒரு வரி எழுதுங்கள். எடை அசையாத மாதத்தில் இதுதான் மாற்றத்தைக் காட்டும். மருந்து போடுகிறவர்கள், எண்கள் இறங்க ஆரம்பித்தால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். பழைய அளவு மருந்து புதிய உடம்புக்கு அதிகமாகிவிடலாம்.

மனசு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம்

ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மிதமான, கடுமையான மனச்சோர்வு உள்ள 67 பேரில் பாதிப் பேருக்கு 12 வாரத்தில் டயட்டீஷியனோடு 7 சந்திப்பு. மீதிப் பேருக்கு அதே அளவு நேரம் ஒருவர் துணையாகப் பேசிக்கொண்டிருந்தார். முடிவில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் முதல் பிரிவில் 32 சதவீதம், இரண்டாவதில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். பலர் ஏற்கனவே மருந்தோ மனநலச் சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரைக்குப் பதில் காய்கறி என்று இதைப் படிக்கக் கூடாது. மருந்தோடு சாப்பாட்டையும் கவனித்தால் உதவும் என்கிற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டியது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, ரகசியமாக அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, சாப்பிட்டதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடப்பது, எடை கூடிவிடுமோ என்ற பயமே நாள் முழுக்க ஓடுவது இவற்றில் எதுவாவது இப்போதோ முன்பு எப்போதோ இருந்தால், முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். கலோரி எண்ணுவதும் டைரி எழுதுவதும் எடை பார்ப்பதும் அப்படிப்பட்டவருக்குத் தீங்காகலாம். அவருக்கு மனநல நிபுணரும் டயட்டீஷியனும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

எப்போது ஆளை மாற்றலாம்

மூன்று நான்கு சந்திப்பு ஆகியும் உங்கள் பேச்சைக் கேட்காமல் அதே பட்டியலைத் திரும்பத் திரும்ப நீட்டுகிறார், உங்களால் வாங்க முடியாத, உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடாத உணவையே எழுதுகிறார், "ஏன்" என்று கேட்டால் எரிச்சல்படுகிறார் என்றால் மாற்றுங்கள். எடை குறையவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் மாதமே மாற்ற வேண்டாம். தைராய்டு, தூக்கம், சில மருந்துகள் எல்லாம் எடையைப் பிடித்து வைக்கும். அதை டாக்டரிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மாறும்போது இதுவரை எடுத்த அளவுகளையும் முயன்று பார்த்த இலக்குகளையும், எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்ற குறிப்போடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் மறுபடியும் நேற்றுக் காலை டீயிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.